தாய்ப்பால் கல்ச்சரில் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது, பாலை நிறுத்தணுமா?

2025 மார்ச் 3, இரவு 10.40 (கேள்வி)

முதல் குழந்தை. 32 வாரத்தில் பிறந்தான், எடை ஒன்றரை கிலோ. இன்னும் என்.ஐ.சி.யு.வில்தான் (பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறான். மனைவி வீட்டில் பம்ப் வைத்துப் பால் எடுக்கிறாள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், குழாய் வழியாக உள்ளே போகிறது. இந்த வாரம் வயிறு உப்பி, கொடுத்த பால் குழாயில் திரும்பி வந்தது. ரத்தக் கல்ச்சரில் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எதுவும் வளரவில்லை. பாலையும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ‘கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃபைலோகாக்கஸ், கிளெப்சியெல்லா வளர்ந்துள்ளது’ என்று ரிப்போர்ட். என் அம்மா அதைக் கேட்டதிலிருந்து ‘பால் விஷமாயிடுச்சு, பவுடர் கொடுங்க’ என்று நிற்கிறார். மனைவி அழுதபடியே இருக்கிறாள். லேபில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தாய்ப்பாலில் இருக்கும் கிருமியால் குழந்தைக்குத் தொற்று வருமா?

மார்ச் 3, இரவு 11.25

மைக்ரோபயாலஜி லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன் தம்பி. டாக்டர் இல்லை. கொடுப்பதா நிறுத்துவதா என்பதை உங்கள் குழந்தை டாக்டர்தான் சொல்லணும். ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில், யார் பேச்சையும் கேட்டுப் பால் எடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். நாளைக்குக் கொடுக்க வேண்டாம் என்றே டாக்டர் சொன்னாலும் எடுத்தாகணும். எடுக்காமல் விட்டால் சுரப்பு இறங்கிவிடும், அப்புறம் மீட்பது பெரும்பாடு.

ரிப்போர்ட்டில் மில்லிக்கு எத்தனை கிருமி என்ற எண்ணிக்கை இருக்கிறதா பாருங்கள். வெறும் ‘வளர்ந்துள்ளது’ என்றால் அது பாதி ரிப்போர்ட். அனுப்பிய பால் எது? அப்போதே கையால் பீய்ச்சியதா, பம்பிலிருந்து வந்ததா, பிரிட்ஜில் ஏற்கெனவே இருந்த பாட்டிலா? இதைக் கேட்டுச் சொல்லுங்கள்.

மார்ச் 4, மதியம்

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், நீளமாகப் போகும்.

அந்த ஸ்டாஃபைலோகாக்கஸைப் பார்த்து எனக்குத் துளியும் ஆச்சரியம் இல்லை. ஆரோக்கியமான எந்தத் தாயின் பாலையும் கிருமி வளர்க்கும் தட்டில் கோடிழுத்து வைத்தால் மறுநாள் காலையில் அதுதான் முதலில் தலை காட்டும். ரத்தம் கலந்த அகார் கூழில் குண்டூசித் தலை அளவுக்கு, சுற்றிலும் எதையும் கரைக்காமல், சாதுவான வெள்ளைப் புள்ளிகள். நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கிற ஆள்.

பாலில் பாக்டீரியா என்றாலே வெளியிலிருந்து வந்த அசுத்தம் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2003-இல் மாட்ரிட்டில் ஒரு குழு ஆரோக்கியமான தாய்மாரின் பாலிலிருந்து லாக்டிக் அமில பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் காட்டியபோதுதான் பேச்சு மாறியது. அப்புறம் டி.என்.ஏ. முறைகள் வந்தன, பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஸ்டாஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், கொரைனிபாக்டீரியம், லாக்டோபாசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் என்று ஒரு ஊரே அதில் இருக்கிறது. நாளுக்கு 800 மில்லி குடிக்கிற குழந்தை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி பாக்டீரியா வரை சேர்த்தே விழுங்குகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

எப்படி உள்ளே போகின்றன? தோலிலிருந்து போவது ஒன்று. குழந்தையின் வாயிலிருந்து போவது இன்னொன்று. பால் இறங்கி முடிந்ததும் நாளங்களில் கொஞ்சம் பின்னோக்கி ஓடுவதை 2004-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அல்ட்ராசவுண்டில் பார்த்துவிட்டார்கள். மூன்றாவதாக, தாயின் குடலிலிருந்து நோயெதிர்ப்பு செல்கள் பாக்டீரியாவைச் சுமந்துபோய் மார்பில் இறக்குகின்றன என்று ஒரு கருத்து உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

வந்து என்ன செய்கின்றன? 2017-இல் அமெரிக்காவில் 107 தாய்-சேய் ஜோடிகளைப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. தாய்ப்பாலே பிரதான உணவாக இருந்த குழந்தைகளுக்கு முதல் மாதத்தில் குடலில் இருந்த பாக்டீரியாவில் ஏறத்தாழ 28 சதவீதம் பாலிலிருந்தும், 10 சதவீதம் காம்பைச் சுற்றியுள்ள தோலிலிருந்தும் வந்தவை. அதாவது பால் வெறும் சாப்பாடு மட்டும் கிடையாது, குடலில் யார் முதலில் குடியேறுவது என்பதையும் அது முடிவு செய்கிறது. இடம் நிரம்பிவிட்டால் பின்னால் வருகிற ரவுடிகளுக்குக் கால் வைக்க இடமில்லை.

எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் அதிகம் இருக்கும் திடப்பொருள், ஒலிகோசாக்கரைடு என்கிற சங்கிலிச் சர்க்கரைகள். ஏறக்குறைய 200 வகை கண்டிருக்கிறார்கள். அதைக் குழந்தையால் செரிக்கவே முடியாது! மாப்பிள்ளை விருந்து என்று பெயர் சொல்லிவிட்டுத் தோழனுக்குப் பரிமாறுகிற மாதிரி, அது குடலுக்கு நல்லது செய்யும் பிஃபிடோபாக்டீரியத்துக்காகச் சமைத்தது. போதாக்குறைக்கு, குடல் சுவரில் ஒட்டப் பார்க்கும் கெட்ட கிருமிகளில் சில இந்தச் சர்க்கரையிலேயே ஒட்டிக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடுகின்றன.

கிளெப்சியெல்லா வேறு கதை. டூட்டிக்கு நேரமாச்சு.

மார்ச் 4, இரவு

கிளெப்சியெல்லா. மெக்கான்கி என்ற இன்னொரு வகைத் தட்டில் இளஞ்சிவப்பாக, சளி மாதிரி பளபளவென்று உப்பி வளரும். கம்பியால் தொட்டுத் தூக்கினால் நூல் போல இழுபடும். குடலிலும் ஈரமான இடங்களிலும் இருப்பது அதன் வழக்கம். சிங்க், சோப்புப் பெட்டித் தண்ணீர், சரியாகக் காயாத குழாய். பம்பில் எடுத்த பாலில் இந்த வகைக் கிருமிகள் தென்படுவது அபூர்வமில்லை. இங்கேதான் உங்கள் அம்மாவுக்குச் சொல்லவேண்டிய விஷயம் இருக்கிறது. இது மார்பிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு குறைவு. மார்புக்கும் குழாய்க்கும் நடுவில் எங்கோ ஏறியிருக்கிறது.

இன்னொன்று. தீவிரக் குறைமாதக் குழந்தைகளின் தாய்மாரிடம் பாலைத் தொடர்ந்து கல்ச்சர் செய்து பார்த்தவர்கள், எந்தக் குழந்தைக்குத் தொற்று வரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை என்றே முடித்தார்கள். பாலில் கிருமி நிறைய வளர்ந்த குழந்தைகள் பலர் நன்றாக இருந்தார்கள். அதனால் சொந்தத் தாயின் பாலை வழக்கமாகக் கல்ச்சர் செய்யும் பழக்கம் பெரும்பாலான இடங்களில் கிடையாது. உங்கள் டாக்டர் செய்ததற்குக் காரணம் இருந்தது. வயிறு உப்பியிருக்கிறது, ரத்தத்தில் எதுவும் இல்லை, வேறு எங்கே தேடுவார்?

இணையத்தில் ‘மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடணும்’ என்று ஒரு எண் சுற்றுகிறது. அது பிரிட்டனில் பால் வங்கிகளுக்குப் போட்ட வரம்பு. குடல் வகைக் கிருமிக்கும், ஸ்டாஃபைலோகாக்கஸில் சீழ் உண்டாக்கும் வகையான ஆரியஸுக்கும் இன்னும் கடுமை, பத்தாயிரம். இன்னொருத்தி பாலை இன்னொரு குழந்தைக்குக் கொடுப்பதற்கான கணக்கு அது. பெற்ற தாயின் பாலைத் தன் குழந்தைக்குக் கொடுப்பதற்கு அந்த அளவுகோலை வைத்துப் பயப்படுவது தேவையில்லை.

மார்ச் 5

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: ‘அப்படியானால் தாய்ப்பால் வழியாகத் தொற்றே வராது என்கிறீர்களா?’

இல்லை. நேற்று எழுதியதை இப்போது திரும்பப் படித்தால் எனக்கே தொனி கொஞ்சம் உற்சாகமாகத் தெரிகிறது. வரும், ஆனால் குறிப்பிட்ட சில வழிகளில்.

குரூப் பி ஸ்ட்ரெப் என்ற கிருமி, பிறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆன குழந்தைக்குப் பால் வழியாக வந்ததாக நம்பும்படியான நோயாளி விவரங்கள் உண்டு. அதே குழந்தைக்கு ஒரு முறை குணமாகி மறுபடியும் வந்தால், அல்லது இரட்டையரில் இருவருக்கும் வந்தால், பாலைப் பார்ப்பார்கள். மிக அரிது.

சைட்டோமெகலோ வைரஸ். நம் நாட்டில் பெரியவர்கள் அநேகமாக எல்லோருக்கும் எப்போதோ வந்துபோயிருக்கும். பாலில் வெளிப்படும். நிறைமாதக் குழந்தைக்கு ஒன்றும் செய்யாது, தாயிடமிருந்து எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே வந்திருக்கும். 28 வாரம், ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் யோசிப்பார்கள். உறைய வைத்தால் குறையும், ஒழியாது. பாஸ்டுரைஸ் செய்தால், அதாவது அளவாகச் சூடுபடுத்தினால், ஒழியும்.

மார்பில் சீழ்க்கட்டி. வெறும் பால் கட்டு, வீக்கம், காய்ச்சல் என்றால் தொடர்ந்து கொடுக்கலாம், கொடுக்கணும். சீழ் பாலோடு கலந்து வடிகிறது என்றால் அந்தப் பக்கத்தை டாக்டர் கொஞ்ச நாள் தவிர்க்கச் சொல்வார். பால் கட்டினால் சுடு ஒத்தடம் கொடுத்து அழுத்தித் தேய்ப்பது நம் வீடுகளில் பழக்கம். 2022-இல் வந்த வழிகாட்டுதல் தலைகீழாகச் சொல்கிறது: பனிக்கட்டி ஒத்தடம், தேய்க்கவே கூடாது, வலுக்கட்டாயமாகக் காலி செய்யவும் கூடாது. எங்கள் வார்டு அம்மாக்களிடம் இதைச் சொன்னால் ஏதோ தெய்வக் குற்றம் செய்தது போலப் பார்க்கிறார்கள்.

காசநோய் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அது மூச்சில் வருவது, பாலில் இல்லை. தாய் மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுக்கலாம், குழந்தைக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. மஞ்சள் காமாலை பி வகை இருக்கும் தாயும் கொடுக்கலாம், பிறந்தவுடன் குழந்தைக்கு ஊசி போட்டிருந்தால் போதும். எச்.ஐ.வி.க்குத் தனி வழிமுறை இருக்கிறது, அதற்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்வார்கள்.

மார்ச் 6

தம்பி எழுதிய பதிலிலிருந்து: அனுப்பியது பம்பில் எடுத்து, வீட்டு பிரிட்ஜில் இரவு வைத்திருந்து, காலையில் கொண்டுபோன பாட்டில். பம்ப், மனைவியின் தோழி உபயோகித்துக் கொடுத்தது.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் வார்டு ஞாபகம் வந்துவிட்டது.

என் இரண்டாவது பெண்ணும் குறைமாதம்தான். அப்போது நான் பச்சை உடம்புக்காரி, லீவில் இருக்கிறேன், ஆனால் கண் மட்டும் லேப்காரி கண். பால் எடுக்கும் அறையில் ஒரு வாஷ்பேசின். அதன் மேல் பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பச்சை சோப்பு, அடியில் சாந்து மாதிரி கரைந்த சோப்புத் தண்ணீர். ஒவ்வொரு அம்மாவும் அந்தத் தண்ணீரில் கிடக்கிற சோப்பை எடுத்துத்தான் கை கழுவணும். துடைக்க ஒரே துண்டு, எல்லோருக்கும். அப்புறம் கிண்ணம். ஸ்டீல் கிண்ணத்தைக் கொதிக்க வைத்துத்தான் தருவார்கள், ஆனால் எடுத்து வைக்கிற டிரேயில் ஈரம் நிற்கும்.

ஒருநாள் தாங்க முடியாமல் அந்த சோப்புப் பெட்டித் தண்ணீரைப் பஞ்சில் ஒற்றி லேபில் இருந்த தோழியிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் தட்டு நிரம்பி வழிந்ததாம். அதைச் சொன்னதும் வார்டு சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே பம்ப் வைத்த திரவ சோப்பு வந்தது, துண்டு போய்ப் பேப்பர் வந்தது. சில மாற்றங்களுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது.

அப்புறம் பாலாடை. எங்கள் ஊரில் சங்கு என்போம். ஆஸ்பத்திரியில் தருவது நீண்ட மூக்கு வைத்த ஸ்டீல் பாலாடை. அந்த மூக்கு மடங்குகிற உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், வழுவழுவென்று ஒரு படலம் தட்டுப்படும். காய்ந்த பால். தேய்க்கப் பிரஷ் நுழையாது, எல்லோரும் வெளியே மினுக்கி விட்டுவிடுவார்கள். சின்ன பாட்டில் பிரஷ் ஒன்று வாங்கி மூக்கு வழியாக விட்டுத் தேய்த்துக் கொதிக்க வைத்தால் தீர்ந்தது.

மூக்கில் போடும் உணவுக் குழாயும் அப்படித்தான். உடல் சூடு, பால், ஈரம். கிருமிகள் உள்சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சிஸ்டர்கள் குழாயை அடிக்கடி மாற்றுவது. பாலில் வளர்ந்ததா, குழாயில் வளர்ந்து பாலுக்குப் போனதா என்று சில சமயம் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மார்ச் 6, பின்னிரவு

பம்ப் பற்றிச் சொல்ல வந்ததை விட்டுவிட்டேன்.

2016-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 29 வாரத்தில் பிறந்த குழந்தை. பிறந்து 3 வாரத்தில் ரத்தத்தில் தொற்று, மூளைக்காய்ச்சல். குரோனோபேக்டர் என்ற கிருமி. அது பொதுவாகப் பவுடர் பாலில் வருவது. இந்தக் குழந்தையோ பவுடர் பால் சாப்பிடவில்லை, தாய்ப்பால்தான். தேடிப் போனால் வீட்டில் எடுத்த பாலில் இருந்தது, பம்ப் வால்வில் இருந்தது, அடுக்களை சிங்க் வடிகாலிலும் இருந்தது. மரபணு வரிசை ஒத்துப்போயிற்று. அந்தத் தாய் பம்ப் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறப்போட்டு, தேய்க்காமல், அலசிக் காயவைத்திருக்கிறார். நம்மில் பாதிப் பேர் செய்வது அதுதான்.

அதற்குப் பிறகு அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் விரிவாக எழுதியது. உபயோகித்தவுடன் கழற்றி அலசு. சிங்கில் போடாதே, தனிப் பாத்திரம், தனிப் பிரஷ். சூடான சோப்புத் தண்ணீரில் தேய். சுத்தமான துணி மேல் பரப்பி முழுக்கக் காயவிடு, துடைக்காதே. குறைமாதக் குழந்தை, இரண்டு மாதத்துக்குக் குறைவான குழந்தை என்றால் நாளுக்கு ஒருமுறையாவது கொதிக்க வை. மோட்டாருக்குப் போகும் குழாயில் பூஞ்சை தெரிந்தால் தூக்கிப் போடு.

தம்பி, அந்த இரவல் பம்பின் வால்வை, குழாயை, புனலை மாற்றிவிடுங்கள். மோட்டார் இருக்கட்டும், அதுவும் பால் உள்ளே ஏறாத மூடிய வகை என்றால் மட்டும். முடிந்தால் கையாலேயே எடுக்கப் பழகச் சொல்லுங்கள், ஸ்டாஃப் நர்ஸ் கற்றுத் தருவார். சீம்பால் நாட்களில் அதுதான் அதிகம் வரும், கழுவ வேண்டியதும் ஒரு கிண்ணம் மட்டும்.

மார்ச் 8

இழை எங்கெங்கோ போகிறது. ஒருவர் ‘எங்கள் வீட்டில் சேனை வைத்தோம், அதனால் வந்திருக்குமோ’ என்கிறார்.

தெரியாதவர்களுக்கு: குழந்தை பிறந்ததும் குடும்பத்தில் நல்ல பெயர் எடுத்த ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைப்பார். வைத்தவர் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. எனக்கு வைத்தது எங்கள் பெரியப்பா. கையெழுத்து மட்டும் அவரைப் போலக் கோணலாக வந்தது. குணம் வருகிறதோ இல்லையோ, விரல் நகத்தில் இருப்பது நிச்சயம் வரும். தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் விதைகள் இருக்கலாம். பெரியவர் குடலில் முளைக்காது, சிசுவின் குடலில் முளைத்து நச்சு விடும். ஒரு வயசு வரை தேனே வேண்டாம்.

கழுதைப் பால்காரர் எங்கள் தெருவுக்கும் வருவார். ஒரு சங்கு விலையைக் கேட்டால் மயக்கமே வரும். காய்ச்சாத மிருகப் பால், அதுவும் பிறந்த குழந்தைக்கு, அதைக் காசு கொடுத்து வேறு வாங்கணுமா? கண்ணில் பீளை கட்டினால் தாய்ப்பால் பீய்ச்சுவதும் அப்படித்தான், கண்ணில் சீழ் என்றால் நேராக டாக்டர்.

இதிலெல்லாம் பெரிய நஷ்டம் வேறு. இவற்றைக் கொடுக்கிற நேரத்தில் சீம்பால் தள்ளிப்போகிறது. சீம்பாலில் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதமும், கிருமியைத் தடுக்கும் லாக்டோஃபெரினும் குவிந்திருக்கும். 2006-இல் கானாவில் வந்த ஆய்வு, கிட்டத்தட்ட 11,000 குழந்தைகள். பிறந்த ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் தாய்ப்பால் தொடங்கினால் பிறந்த முதல் மாத மரணங்களில் 22 சதவீதம் தடுக்கலாம் என்று கணக்கிட்டார்கள். இந்தியாவில் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் முதல் மணி நேரத்தில் தொடங்கியவர்கள் 42 சதவீதம்கூட இல்லை. ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெறுகிறோம், அப்படியிருந்தும் இந்த லட்சணம்.

மார்ச் 9

தம்பியின் அம்மாவுக்கு, பவுடர் பற்றி. அம்மா, நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். ஆனால் பவுடர் பால் டின் கிருமி நீக்கியது இல்லை. உலர்ந்த பொடியில் குரோனோபேக்டர் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வழிகாட்டுதல் போட்டது: 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் தண்ணீரை ஊற்றிக் கலக்கணும், பிறகு ஆறவைத்து உடனே கொடுக்கணும். நம் வீடுகளில் கொதித்து ஆறி வெதுவெதுப்பான தண்ணீரில்தான் கலக்குகிறோம். அந்தச் சூடு கிருமிக்கு இதமான குளியல். 2022-இல் அமெரிக்காவில் இதே கிருமி பயத்தில் ஒரு பெரிய ஆலையை மூடி, நாடு முழுக்கக் குழந்தைப் பால் தட்டுப்பாடு வந்தது செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

குறைமாதக் குழந்தைக்கு இன்னொரு காரணமும் உண்டு. குடல் அழுகிப்போகும் என்.இ.சி. என்ற நோய். 1990-இல் இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்ததில், பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்கு அது தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகம். வயிறு உப்பிய குழந்தைக்கு மருந்து என்று நினைத்துப் பவுடருக்கு மாறுவது அந்த நோயின் பக்கம் தள்ளுவதாக முடியலாம்.

மார்ச் 9, மாலை

அதற்குள் ஒருவர் ‘ப்ரோபயாட்டிக் (நல்லது என்று கொடுக்கும் உயிருள்ள பாக்டீரியா) சொட்டு வாங்கி ஊற்றலாமா’ என்று கேட்டுவிட்டார். கேட்பார்கள் என்று தெரியும்.

2017-இல் ஒடிசா கிராமங்களில் நடந்த ஆய்வு உண்மையிலேயே பெரியது. 4,556 பிறந்த குழந்தைகள். ஒரு பாதிக்கு ஏழு நாள் லாக்டோபாசில்லஸ் பிளான்டாரமும் ஒரு சர்க்கரையும். செப்சிஸோ (உடல் முழுக்கத் தாக்கும் கடும் தொற்று) மரணமோ நேர்ந்தவர்கள் 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தார்கள். ஆனால் அவர்கள் இரண்டு கிலோவுக்கு மேல், 35 வாரத்துக்கு மேல், தாய்ப்பால் குடித்த குழந்தைகள்.

2023-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. ஒரு குறைமாதக் குழந்தை செப்சிஸில் இறந்தது, ரத்தத்தில் இருந்த பாக்டீரியா கொடுத்த ப்ரோபயாட்டிக்கில் இருந்ததேதான். நல்ல பாக்டீரியா என்று யாரும் நெற்றியில் எழுதி ஒட்டிவிடவில்லை. அது எந்தக் குடலில் இருக்கிறது, குடல் சுவர் எவ்வளவு முதிர்ந்தது என்பதைப் பொறுத்தது. கடைக்காரர் கொடுத்தார் என்று ஊற்றாதீர்கள், என்.ஐ.சி.யு. டாக்டர் சொன்னால் மட்டும்.

மார்ச் 11

‘பக்கத்து வீட்டு அக்காவுக்கு நிறையப் பால், வாங்கிக் கொடுக்கலாமா?’

பாசம் பெரியது, ஆனால் குறைமாதக் குழந்தைக்கு நேராக வேண்டாம். அதற்குத்தான் பால் வங்கி. ஆசியாவின் முதல் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது. கொடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்து எடுப்பது, பிறகு கல்ச்சர். அந்தக் கல்ச்சரில் ஒன்று வளர்ந்தாலும் கொட்டிவிடுவோம். சில சமயம் வளரும். பாசில்லஸ் என்ற பாக்டீரியாவின் விதைகள் அந்தச் சூட்டுக்கு அசையாது. நான் தட்டைப் பார்த்து ‘கொட்டுங்க’ என்று எழுதும்போது வயிறு எரியும். அது யாரோ ஒரு தாய் ராத்திரி எழுந்து எடுத்த பால். வங்கிப் பாலில் நல்ல பாக்டீரியாவும் செத்துப்போயிருக்கும், லாக்டோஃபெரினும் குறையும். அதனால் சொந்தத் தாயின் பாலுக்கு அடுத்த இடம்தான் அதற்கு.

காசுக்கு விற்கும் பாலைத் தொடவே வேண்டாம். 2024-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விற்கக் கூடாது என்று சொன்ன கையோடு சென்னை மாதவரத்தில் ஒரு கடையில் பாட்டில் பாட்டிலாகப் பிடித்தார்கள்.

மார்ச் 12

யாரோ ‘இவ்வளவு சொல்றீங்களே, குழந்தைகளுக்குத் தொற்று எங்கிருந்துதான் வருது’ என்று அலுத்துக்கொண்டிருக்கிறார்.

டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 13,530 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். தீவிரப் பிரிவில் சேர்ந்தவர்களில் 14.3 சதவீதத்துக்கு செப்சிஸ். முதலிடம் அசினெட்டோபாக்டர் 22 சதவீதம், அடுத்து கிளெப்சியெல்லா 17, ஈ.கோலை 14. பெரும்பாலானவை பிறந்த 72 மணி நேரத்துக்குள். அந்தக் குழந்தைகளில் பலர் வாயில் பால் போவதற்கே நேரம் இருந்திருக்காது. பிரசவ அறை, கைகள், கருவிகள், குழாய்கள் என்றுதான் தேடணும். ஒவ்வொரு முறையும் பால் மேல் பழி போடும்போது அந்தத் தேடல் நின்றுவிடுகிறது. எங்கள் லேப்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ‘வளர்ந்துள்ளது’ என்று இரண்டு வார்த்தை அடித்து அனுப்பிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுகிறோம். தோலில் இயல்பாக இருப்பது, மாதிரியை மறுபடி அனுப்பவும் என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் இடத்தில் இப்போது சேர்க்கிறோம்.

(என் செல்போனை ஒருநாள் தட்டில் ஒற்றி வளர்த்துப் பார்த்தேன். கணவரிடம் படத்தைக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் தன் போனை என்னிடம் கொடுப்பதில்லை, என் லேப் மேல்தான் சந்தேகமாம்.)

மார்ச் 15

தம்பி எழுதியிருக்கிறார். டாக்டர் இரண்டு வேளை நிறுத்திவிட்டு மறுபடி தாய்ப்பாலே தொடங்கினாராம். கையால் நேரடியாக எடுத்த பாலில் ஸ்டாஃபைலோகாக்கஸ் மட்டும், கிளெப்சியெல்லா இல்லை. வயிறு இறங்கிவிட்டது. கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பம்ப் பாகங்களைக் கொதிக்க வைக்கும் வேலையை அவர் அம்மாவே எடுத்துக்கொண்டாராம், விசில் அடிக்கிற கடிகாரம் வைத்து. அம்மாவுக்கு ஒரு கும்பிடு.

அவர் கேட்ட மிச்சம் இரண்டு. பழைய பம்பில் எடுத்து பிரீசரில் வைத்திருப்பதை என்ன செய்வது? இந்தக் குழந்தைக்கு வேண்டாம். உறைய வைத்தால் பாக்டீரியா தூங்கும், சாகாது. பால் வங்கியும் அதை வாங்காது. வருத்தம்தான், கொட்டிவிடுங்கள்.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போவது? எல்லாப் புத்தகத்திலும் ‘அறை வெப்பத்தில் 4 மணி நேரம்’ என்று இருக்கும். அந்த அறை 25 டிகிரி. நம் ஊர் அறை மார்ச்சிலேயே 34. வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தவர்கள் 38 டிகிரியில் பாலை வைக்கவே கூடாது என்றார்கள். எடுத்தவுடன் பிரிட்ஜ், கதவில் வேண்டாம், உள்தட்டில். ஐஸ் பேக் வைத்த பெட்டியில் கொண்டுபோங்கள், பைக் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வெயிலில் சிக்னலில் நிற்காதீர்கள். கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். புதுப் பாலில் உயிருள்ள எதிர்ப்புப் பொருட்கள் இருப்பதால் குளிரில் முதல் ஓரிரு நாள் பாக்டீரியா கூடுவதைவிடக் குறைவதுதான் வழக்கம். பிரிட்ஜ் பயப்படவேண்டிய இடம் இல்லை, பையும் வெயிலும்தான்.

மார்ச் 16

கடைசியாக ஒன்று, பின்னால் இதைத் தேடி வருபவர்களுக்கு. ரிப்போர்ட்டை விடக் குழந்தையைப் பாருங்கள். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, உடல் சுடுவது அல்லது கை கால் வயிறு எல்லாம் சில்லிட்டுப் போவது, பச்சையாக வாந்தி, வலிப்பு. இதில் ஒன்றைப் பார்த்தாலும் இங்கே வந்து கேள்வி தட்டச்சு செய்துகொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்புங்கள், போகிற வழியில் குழந்தையை நெஞ்சோடு போர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.